வாகியெவ்னிக்கி: இறை இரக்கத்தின் திருத்தலத்தில்

போலந்தின் கிராக்கூவ் நகரிலுள்ள வாகியெவ்னிக்கியில் முதலில் கண்ணில் படுவது பேராலயமும் அதன் 77 மீட்டர் கோபுரமும்தான். 2002 ஆகஸ்ட் 17 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதை நேர்ந்தளித்தார். குழுவாக வருவோர் பலர் அதைப் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இறை இரக்க பக்தி பரவக் காரணமான போலந்துக் கன்னியாஸ்திரி புனித பவுஸ்தீனாவின் கல்லறை இருப்பது, அருகிலுள்ள செங்கல் மடத்தின் சிற்றாலயத்தில். காசநோயால் 1938 அக்டோபர் 5 அன்று, தம் 33ஆம் வயதில், இதே மடத்தில் இறந்தவர் அவர். கல்லறைக்கு மேலே அடால்ஃப் ஹிவா வரைந்த இரக்கத்தின் ஆண்டவர் படம். சிவப்பும் வெளிர்நிறமுமாக இரு கதிர்கள், இயேசுவின் விலாவிலிருந்து வழிந்த இரத்தத்தையும் தண்ணீரையும் குறிப்பவை. முதல் படம் இது அல்ல. அது 1934இல் வில்னியுஸில் கசிமிரோவ்ஸ்கி வரைந்தது.

குணம் வேண்டி வருகிறவர்கள் கல்லறைக்குப் போகும் முன், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போவதே சரியான வரிசை. இறை இரக்கம் முதலில் ஆற்றுவது பாவக் காயத்தை. உடல்நலம் கடவுள் விரும்பினால் கூடவே வரும். பாஸ்காவை (உயிர்ப்புப் பெருவிழாவை) அடுத்த ஞாயிறான இறை இரக்க ஞாயிறன்று இங்கே கூட்டம் அலைமோதும். அன்றைக்கென்று ஒப்புரவை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, தள்ளிப்போட்டால், தெரிந்த மொழியில் குருவானவர் கிடைப்பதற்குள் திருப்பலியே முடிந்துவிடலாம். சில நாள் முன்பே செய்துவிட்டால் போதும். பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் பரிபூரண பலனை அன்று பெற ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம் ஆகியவற்றுடன், எந்தப் பாவத்தின் மீதும் பற்றில்லாத மனமும் வேண்டும். கடைசி நிபந்தனைதான் கடினம். இந்த ஞாயிறுக்கு முன்னான ஒன்பது நாள் செபமாகிய நவநாளைப் பெரிய வெள்ளியன்றே தொடங்க வேண்டும்.

சிற்றாலயத்தில் தினமும் பிற்பகல் 3 மணிக்கு, இயேசு இறந்த வேளையை நினைந்து செபிக்கும் இரக்கத்தின் நேரம். இடம் சிறியது, முன்னதாகவே போய் அமருங்கள். இரக்கத்தின் செபமாலைக்குச் சாதாரண செபமாலையே போதும். தொடக்கத்தில் கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, விசுவாசப் பிரமாணம். ஒவ்வொரு பெரிய மணியிலும் ‘நித்திய பிதாவே’ என்ற ஒப்புக்கொடுத்தல் செபம். 10 சிறு மணிகளிலும் பாடுகளைச் சொல்லி இரக்கம் கேட்கும் மன்றாட்டு. ஐந்து பத்துகள் முடிந்ததும் ‘தூய இறைவா’ 3 முறை. வழக்கமான செபமாலைக்குப் பழகிய நாக்கு, பத்துக்கு இடையே திரித்துவப் புகழை (‘பிதாவுக்கும் சுதனுக்கும்’ செபத்தை) தானாகவே சேர்த்துவிடும். இதில் அது கிடையாது. அவசரப்பட வேண்டாம், மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இங்கே வந்தவர்கள் எல்லாரும் குணமானார்கள் என்று திருச்சபை சொல்வதில்லை. மருத்துவத்தால் விளக்க முடியாத, முழுமையான, நிலைத்த குணமா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த பின்பே அதைப் புதுமையாக, அதாவது அற்புதமாக, ஏற்கிறது. 1981இல் அமெரிக்கப் பெண் மோரின் டிகன் இந்தக் கல்லறையருகே நிணநீர் வீக்க நோயிலிருந்து பெற்ற குணம், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் 1993இல் பவுஸ்தீனாவுக்கு அளிக்கப்பட ஏற்கப்பட்டது. 2000 ஏப்ரல் 30 அன்று நடந்த புனிதர் பட்டத்துக்கு ஏற்கப்பட்டதோ, அருட்பணி ரொனால்ட் பைட்டலின் இதய நலம். அது கடல் கடந்து பால்டிமோரில், அவருடைய பங்கு ஆலயத்தில் புனிதையின் திருப்பண்டத்தின் (உடல் எச்சத்தின்) முன் செபித்த வேளையில் நடந்தது. ஆகவே பயணம் தாங்காத நோயாளியை வற்புறுத்தி அழைத்துவர வேண்டியதில்லை, மருந்தை நிறுத்துவது விசுவாசமும் ஆகாது. பங்குக் குருவிடம் நோயில்பூசுதல் என்ற, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளத்தைக் கேளுங்கள். செபமாலையைக் கட்டிலருகிலேயே சொல்லலாம். 3 மணிக்கு ஆலயம் போக முடியாதவர், இருக்கும் இடத்திலேயே ஒரு நொடி ஆண்டவரின் பாடுகளில் மனத்தை ஆழ்த்தினாலும் போதும் என்று புனிதையின் நாட்குறிப்பே சொல்கிறது.