சொதப்பல் பிங்கோ: கடலூர் கேம் நைட் டைரி

ஜூலை 9, புதன்

ஞாயித்துக்கிழமை செஷன்ல மறுபடி சண்டை. இருபது முக டைஸ் உருண்டு போய் முறுக்கு டப்பாவுல சாஞ்சு நின்னுடுச்சு, நான் இருந்த பக்கத்துல பாத்தா 20, எதிர்ல இருந்த தம்பிக்கு 2. 20ன்னா ஓகர்ங்கிற பூதம் செத்துருக்கும், 2ன்னா அடி காத்துல போயிருக்கும், இதுக்கு அரை மணி நேரம் வாக்குவாதம். மஞ்சக்குப்பத்துல மச்சான் வீட்டு மாடியிலதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டரா மாறி, டைஸ் உருட்டி கதைய நகத்துற ஆட்டம்) ஆடுறோம், தம்பி நெய்வேலில ஷிஃப்ட் முடிச்சு பஸ் புடிச்சு வர்றான், அக்கா பாண்டியில குழந்தைய மாமியார்கிட்ட விட்டுட்டு வர்றாங்க, இப்படி பாடுபட்டு சேர்ற ராத்திரி சண்டையில போறது எனக்கு மனசே ஆறல.

1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த கேம் இது, இத்தன வருஷத்துல சொதப்பலே இல்லாத டேபிள் ஒண்ணு இருந்துருக்கும்னு நான் நம்பல. எப்படியும் நடக்கப்போறத ஆட்டமாவே ஆக்கிட்டா என்னன்னு தோணுச்சு. அதான் பிங்கோ. கல்யாண வீட்ல ஆடுற ஹவுசி மாதிரி 90 வரைக்கும் நம்பர் கூப்பிடுறது கிடையாது, அஞ்சுக்கு அஞ்சு கட்டம், நடுக்கட்டம் ஃப்ரீ, மிச்சம் 24லயும் ஒவ்வொரு சொதப்பல். வரிசையா அஞ்சு விழுந்தா ஜெயிச்சாச்சு.

ஜூலை 12, சனி

கோடு போட்ட நோட்டுல ஸ்கேல் வச்சு வரைஞ்சேன், ஜெராக்ஸ் எடுத்தாச்சு. ஒவ்வொரு அட்டையிலயும் கட்டங்கள மாத்தி மாத்தி எழுதணும், அங்கதான் மூளைக்கு வேலை. மொத்தம் 12 கோடு இருக்கு. மூலைக்கட்டம் மூணு கோட்டுல வரும், நடுக்கட்டம் நாலுல, குறுக்குக் கோட்டுல இல்லாத கட்டம் எல்லாம் ரெண்டே ரெண்டுல. அதனால ஈசியா நடக்குறது எல்லாம் ஒருத்தர் அட்டையோட மூலைகள்ல போய் உக்காந்தா அவங்களுக்கு ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சிடும்.

எது ஈசி? டைஸ்ல 1 விழுறது. இருபதுல ஒரு வாய்ப்புதானேன்னு தோணும், ஆனா 14 தடவ உருட்டினாலே ஒரு தடவையாவது 1 வர்றதுக்கு பாதிக்கு மேல வாய்ப்பு, எங்க டேபிள்ல முதல் சண்டைக்காட்சி முடியறதுக்குள்ள அத தாண்டிடுவோம். அதனால அத தூக்கிட்டு, அட்வான்டேஜ்ல (சாதகமான நேரத்துல ரெண்டு டைஸ் உருட்டி பெரிய நம்பர எடுத்துக்கிறது) ரெண்டுமே 1 விழணும்னு வச்சேன். 400ல ஒண்ணு. விழுந்தா அந்த ராத்திரி யாருக்கும் மறக்காது.

மச்சான் வாட்ஸப்ல "தம்பி லேட்டா வர்றதுன்னு ஒரு கட்டம் போடு"ன்னான். வேணாம்னுட்டேன். பஸ்ஸுக்கு அவன் என்ன பண்ணுவான்? ஆளக் குறிவச்சு ஒரு கட்டமும் கூடாது. டைஸ் கட்டிலுக்கடியில போறது, கரண்ட் போறது, கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் (கவனம் கலையாம புடிச்சு வைக்க வேண்டிய மந்திரம்) ஓடுறத எல்லாருமே மறக்குறது, கதையில வர்ற கடைக்காரர் பேரு கேட்டதும் டி.எம் (கதைய நடத்துறவர்) முழிக்கிறது, பூட்டாத கதவ திறக்க பத்து நிமிஷம் பிளான் போடுறது, இந்த மாதிரி யாருக்கு வேணும்னாலும் நடக்குறதுதான் கட்டத்துல இருக்கணும்.

ஜூலை 20, ஞாயிறு (ராத்திரி ஒரு மணி தாண்டியாச்சு)

போன வாரம் ஆள் சேரல, இன்னிக்குதான் ஆடினோம். கட்டத்துல வைக்க புளியங்கொட்டை, அக்கா கொண்டு வந்தாங்க, ஃபேன் முழு வேகத்துல சுத்தியும் அசையல.

ஆடி பொறந்துடுச்சுல்ல, தெருமுனை அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினாங்க, மைக்செட் சத்தம் மாடி வரைக்கும். டி.எம் அண்ணன் நெக்ரோமேன்சரா (செத்தவங்கள எழுப்புற மந்திரவாதி) மாறி மெதுவா மிரட்டலா வசனம் பேச ஆரம்பிக்கவும் "கூழ் வாங்குறவங்க வரிசையா வாங்க"ன்னு மைக்ல கத்தவும் சரியா இருந்துச்சு. 'வில்லன் பேச்சு பாதியில நிக்குது' கட்டம். நாலு கொட்டை ஒரே நேரத்துல டக்குனு விழுந்துச்சு, அண்ணனும் சிரிச்சுட்டார்.

அப்புறம் தம்பியோட ரோக் (பதுங்கிப் போற திருடன் கேரக்டர்) தனியா சுரங்கத்துக்குள்ள போனான். 'ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சு போறது' அவன் அட்டையில மூலைக்கட்டம், வேணும்னே போனான்னு மச்சான் ஒத்துக்கவே இல்ல. வரவழைச்ச சொதப்பல் செல்லாதுன்னு ரூல் இருக்கு, ஆனா அந்த ரோக் முதல் நாள்லேர்ந்து தனியா போறவன்தானே, அவன் குணத்துக்கு அது சரியா பொருந்துது. டி.எம் தீர்ப்புன்னு விட்டோம், அண்ணன் செல்லும்னுட்டார், ரெண்டு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சுது. போன செஷன்ல இதே மாதிரி விஷயம் அரை மணி ஓடுச்சு.

அந்த ரோக்கை காப்பாத்தப் போய்தான் அக்கா ஃபயர்பால்ங்கிற நெருப்பு மந்திரத்த போட்டாங்க. இருபதடி ஆரம், சுரங்கமோ குறுகல், மேப்ல ஸ்கேல் வச்சு பாத்தா நம்ம ஆளுங்க ரெண்டு பேர் உள்ள இருக்காங்க. ஆறு முக டைஸ் எட்டு வேணும், இருந்தது ஆறுதான், மச்சான் பையனோட லூடோ டப்பாவ திறந்து ரெண்டு எடுத்து சேத்து உருட்டினாங்க. 31 டேமேஜ். மச்சானோட கிளெரிக் விழுந்துட்டான், மருத்துவம் பாக்குறவனே விழுந்தது தனி கட்டம், அவன் அட்டையில அஞ்சாவது கொட்டை அதுதான். தன் கேரக்டர் கீழ கிடக்க "பிங்கோ!"ன்னு எழுந்து நின்னு கத்துறான், கீழ இருந்து அத்தை "என்னடா ஆச்சு"ன்னு பதறிட்டு மேல வந்துட்டாங்க.

கிளெரிக் சாகல, மூணு டெத் சேவும் (உயிர் பொழைக்க உருட்டுறது) தேறிட்டான். அடுத்த தடவைக்கு மைக்செட் கட்டத்த ஆடி முடியற வரைக்கும் எடுத்துடணும், வாராவாரம் நடக்கும். டி.எம் அண்ணன் தனக்கும் ஒரு அட்டை கேக்குறார், நாங்க பண்றது மட்டும் இருக்கணுமாம். அவருக்கு 24 கட்டம் போதுமான்னு பாக்கணும்.