எல்லையோர ஊரில் என்.பி. தேடல்: நாட்குறிப்பு

செப்டம்பர் 8, 2025

அமெரிக்காவில், நியூ மெக்சிகோவின் டெக்சிகோவும் டெக்சஸின் ஃபார்வெல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர்கள். நடுவே மாநில எல்லை. இப்படிப்பட்ட இடங்களுக்குக் குடிவருகிறவர்கள் "பக்கத்தில் நல்ல டாக்டர் யார்?" என்று விசாரித்துவிட்டு, யாரும் இல்லை என்று நூறு மைல் ஓட்டத் தயாராகிவிடுகிறார்கள். சர்க்கரை, பி.பி., தைராய்டு, குழந்தைகளின் தடுப்பூசி எல்லாவற்றையும் பார்க்கிற ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (சுருக்கமாக என்.பி.) உள்ளூரிலேயே இருக்கக்கூடும். முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ முடித்து, தேசியத் தேர்வு எழுதி, நோயறிந்து மருந்து எழுதுகிறவர். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் குழந்தைநலப் பயிற்சியாகத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த தொழில் இது.

செப்டம்பர் 10

தேடலை என்.பி.ஐ. பதிவேட்டில் தொடங்குவது நல்லது. சிகிச்சை தருகிற ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாள எண்களின் பட்டியல் அது. மத்திய அரசுடையது, இலவசம். டாக்ஸானமி (தொழில் வகை) பெட்டியில் 'நர்ஸ் பிராக்டிஷனர், ஃபேமிலி' என்று கொடுங்கள். ஊர்ப் பெயரைவிட அஞ்சல் குறியீடு மேல்: முதல் மூன்று இலக்கத்தோடு நட்சத்திரக் குறி போட்டால் சுற்றுவட்டாரம் முழுவதும் வந்துவிடும். எல்லை ஊர் என்பதால் டெக்சஸ் பக்கத்துக்கு 793, நியூ மெக்சிகோ பக்கத்துக்கு 881 என்று இரண்டு தடவை தேட வேண்டும். முகவரி வகையில் பணியிடத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தபால் முகவரிகளும் கலந்து வந்து குழப்பும்.

முகவரி மாறினால் 30 நாளில் திருத்த வேண்டும் என்பது விதி. பலர் திருத்துவதில்லை. எப்போதோ ஊரைவிட்டுப் போனவர் பட்டியலில் இன்னும் அங்கேயே இருப்பார். அதனால் கவுன்டி மருத்துவமனை, ரூரல் ஹெல்த் கிளினிக் ஆகியவற்றின் பக்கங்களோடு ஒத்துப் பாருங்கள். 1977 சட்டத்தின்கீழ் வந்த இந்த கிளினிக்குகள் திறந்திருக்கும் நேரத்தில் பாதியளவாவது ஒரு என்.பி.யோ, பி.ஏ.யோ (ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்), நர்ஸ்-மருத்துவச்சியோ அங்கே இருந்தாக வேண்டும். என்னைக் கேட்டால் முதல் போன் அங்கேதான்.

செப்டம்பர் 15

என்.பி.ஐ. எண் இருப்பதால் மட்டும் உரிமம் செல்லும் என்றாகாது. அதை மாநில நர்சிங் வாரியத்தின் தளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். பெயருக்குப் பின்னால் எஃப்.என்.பி.-சி என்றிருந்தாலும் எஃப்.என்.பி.-பி.சி என்றிருந்தாலும் கவலையில்லை. சான்று தந்த அமைப்புதான் வேறு, செய்யும் வேலை ஒன்றுதான்.

பல மாநிலங்களில் செல்லும் காம்பாக்ட் உரிமம் ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) போன்ற வழக்கமான நர்ஸ் வேலைக்கு மட்டுமே. என்.பி.யாக வேலை பார்க்க ஒவ்வொரு மாநிலத்திலும் தனி உரிமம் தேவை. வீடியோ அப்பாயின்ட்மென்டில்தான் இது கடிக்கும். கணக்கில் வருவது நோயாளி உட்கார்ந்திருக்கும் இடம். ஃபார்வெல் வீட்டிலிருந்து பேசினால், எதிர்முனையில் இருப்பவருக்கு டெக்சஸ் உரிமம் இருக்க வேண்டும். நியூ மெக்சிகோ உரிமம் மட்டும் உள்ளவர் என்றால் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி, நேரில் பார்ப்பதோ அங்கிருந்து வீடியோவில் பேசுவதோதான் வழி.

அதிகாரமும் எல்லையோடு மாறுகிறது. நியூ மெக்சிகோவில் என்.பி. தனித்தே இயங்கலாம். டெக்சஸில் மருந்து எழுத ஒரு மருத்துவரோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். அந்த மருத்துவர் விலகினால், புது ஒப்பந்தம் வரும்வரை ரீஃபில் நின்றுபோகும். "ஒப்பந்த மருத்துவர் யார், மாற்று ஆள் உண்டா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கவனக்குறைபாட்டுக்கு மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடும் குழந்தை வீட்டில் இருந்தால் இன்னும் கவனம்: அது இரண்டாம் அட்டவணையில் உள்ள, கடுமையான கட்டுப்பாடுள்ள மருந்து, டெக்சஸில் சாதாரண கிளினிக்கில் இருக்கும் என்.பி. எழுத முடியாது. மருத்துவமனையிலும் ஹாஸ்பிஸிலும் (இறுதிக்காலப் பராமரிப்பு) மட்டுமே விதிவிலக்கு.

செப்டம்பர் 18

போன் செய்வதற்குத் திங்கள் காலை ஆகாது. வாரநடுவில் பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். "புது பேஷன்ட் எடுக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால், டாக்டரை மனதில் வைத்து இல்லை என்பார்கள். என்.பி.யின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் இந்த ஊரில் இருப்பார் என்பது அடுத்த கேள்வி. ஒரே ஆள் மூன்று ஊர் கிளினிக்குகளைச் சுற்றிவருவது சகஜம்.

வெளியே போகும் ரத்தப் பரிசோதனைக்கு கூரியர் எத்தனை மணிக்கு வந்து எடுக்கிறது என்றும் கேட்டு வையுங்கள். பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட நம்மவர்களுக்கு காசநோய்த் தோல் பரிசோதனை பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம், ரத்தப் பரிசோதனையே பொருத்தம். அந்த ரத்தம் குறித்த நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்தால் வீணாகலாம்.

செப்டம்பர் 23

இன்சூரன்ஸில் கிளினிக் பெயரைச் சொல்லிக் கேட்பது போதாது, அந்த என்.பி.யின் என்.பி.ஐ. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் இன்சூரன்ஸ் ஏற்கும் ஆட்களின் பட்டியலான நெட்வொர்க்குக்குள் வர மாதக்கணக்கில் ஆகும். கிளினிக் மருத்துவமனைக்குச் சொந்தம் என்றால் ஃபெசிலிட்டி கட்டணம் (இடத்துக்கான கட்டணம்) என்று இரண்டாவது பில் வருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

செப்டம்பர் 29

காய்ச்சல் வந்த அன்றைக்கே முதல் விசிட் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குக் காய்ச்சலை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். 'எஸ்டாப்ளிஷ் கேர்' (புது நோயாளியாகச் சேரும் முதல் சந்திப்பு) என்று சொல்லி நீண்ட நேரம் கேட்டு வாங்குங்கள்.

ஊரிலிருந்து வந்த மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள், கூடவே மூலப்பெயரையும் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். கிளைகோமெட் ஜி.பி. 1 என்றால் இங்கே யாருக்கும் புரியாது. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், கிளைமிபிரைடு 1 மில்லிகிராம் என்று இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த மாத்திரை அமெரிக்காவில் இல்லை என்பதால் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். தைரோநார்ம் 50 என்பது லீவோதைராக்ஸின் 50 மைக்ரோகிராம். மைக்ரோவை மில்லி என்று எழுதிவிட்டால் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

ஒல்லியாக இருக்கிறீர்களே என்று சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 23இலேயே பார்க்க வேண்டும் என்கிற அமெரிக்க நீரிழிவுச் சங்கப் பரிந்துரையை நினைவூட்டலாம்.

அக்டோபர் 3

என்.பி. கையெழுத்து செல்லாத இடங்களும் உண்டு. கிரீன் கார்டுக்கான ஐ-693 மருத்துவப் படிவத்தில் குடியேற்றத் துறை நியமித்த மருத்துவரான சிவில் சர்ஜன்தான் கையெழுத்திட வேண்டும், அவர் எம்.டி. அல்லது டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவர்) ஆக இருக்க வேண்டும். பக்கத்தில் எங்கே இருக்கிறார் என்று குடியேற்றத் துறைத் தளத்தில் தேடலாம். விட்டுப்போன தடுப்பூசிகளை மட்டும் உள்ளூர் என்.பி.யிடமே போட்டு, தேதியுள்ள பதிவைக் கையில் கொண்டுபோனால் சிவில் சர்ஜன் செலவு குறையும்.