ஒரே வைத்தியம்

“இவனுக்கு டிஸ்லெக்சியாவா, இல்ல நாங்க ஒழுங்கா சொல்லிக்குடுக்கலையா சார்?” நான்காம் வகுப்பு ஆசிரியை கேட்டது இவ்வளவுதான். (டிஸ்லெக்சியா என்பது, அறிவில் குறையில்லாமலே வாசிப்பும் எழுத்தும் கடினமாகிவிடும் கற்றல் குறைபாடு.) “எதுவா இருந்தா என்ன டீச்சர், சொல்லித்தர்ற முறை ஒண்ணுதானே” என்றேன். தப்பான பதில் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் முக்கால்வாசி அதையேதான் சொல்வேன். ஆனாலும் முள்ளாக உறுத்துகிறது.

பையன் பாடப்புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். அதே எழுத்துகளை வைத்து எழுதிய புதுப் பத்தியைக் கொடுத்தபோது மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டான். அடுத்து ‘டேமு’, ‘பொகி’, ‘நூதா’ என்று பொருளில்லாத பத்துச் சொற்கள். அர்த்தத்தை வைத்து ஊகிக்க இதில் வழியில்லை. எழுத்தை ஒலியாக்கத் தெரிகிறதா என்பது மட்டும் வெளியே வரும். ‘டேமு’வைப் பார்த்ததும் அவன் உதடு முணுமுணுத்தது: ட, டா, டி, டீ, டு, டூ, டெ, டே. கீழ்ப்படியிலிருந்து ஏறிப்போய்த்தான் அந்தப் படியைப் பிடிக்கிறான். உயிர்மெய் வரிசையை ராகம் போட்டுச் சொல்லவைக்கும் வகுப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். 247 எழுத்தும் தலைகீழ்ப் பாடம்; நடுவிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் காட்டினால் முழிப்பார்கள். அப்படியொரு வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையின் மூளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதில் அங்கேயிருந்து வந்ததுதான்.

நம் எழுத்துக்கென்று சில பள்ளங்கள் உண்டு. ‘தே’யில் இரட்டைக்கொம்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, காதுக்குப் பின்னால் வருகிறது. ‘தோ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம். உகரமோ மெய்க்கு ஒரு வேஷம் போடும். கு, சு, து, மு நான்கையும் அடுக்கி வைத்து ‘இதுதான் உகரக் குறி’ என்று விரல் வைக்க ஓர் இடம் கிடையாது. இவற்றை ஒரே வாரத்தில் கொட்டினால் நன்றாகப் படிக்கும் பிள்ளையே தடுமாறும்.

அன்றைக்கு எழுதிக் கொடுத்த திட்டம் இது. மூன்று பேர் கொண்ட குழு, வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். முதலில் பழைய அட்டைகளைக் கலைத்துப் போட்டு 3 நிமிடம். அடுத்து ஒரே ஒரு புதுக் குறி: சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவது, பிறகு தெரிந்த நான்கைந்து மெய்களோடு சேர்த்து வாசிப்பது. அப்புறம் ஐந்து சொல் சொல்வதெழுதுதல். கடைசியில், இதுவரை படித்த எழுத்துகள் மட்டும் வரும் நான்கு வரி. கெ-கே, கொ-கோ போன்ற இரட்டையர்களை ஒரே நாளில் அறிமுகப்படுத்தவே கூடாது. ஒன்று கைக்கு வந்தபிறகே மற்றது. வாரம் ஒருமுறை புதுப் பத்தி, ஒரு நிமிடம்: சரியாக வாசித்த சொற்களையும் பிழைகளையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். (கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டியாயிற்றா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கிளம்பும்போதுதான் நினைவு வந்தது.)

என் பக்கத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி வழிகாட்டி, தக்க உதவி கொடுத்தும் சிக்கல் ஆறு மாதமாவது நீடித்தால்தான் கற்றல் குறைபாடு என்று பேர் வைக்கச் சொல்கிறது. முதலில் கற்பித்தல், பிறகுதான் பெயர். அதோடு, பெயர் வைக்க எனக்குத் தகுதியும் இல்லை. பெயர் வந்த மறுநாளே ‘அவனுக்கு அப்படித்தான்’ என்று வாசிக்கக் கூப்பிடுவதையே நிறுத்திய வகுப்புகளும் உண்டு.

ஆனால் ஆசிரியை அத்தோடு விடவில்லை. “முறை ஒண்ணுதான், சரி. பேரு தெரிஞ்சா நான் அவனைச் சோம்பேறின்னு திட்டாம இருப்பேன்ல?”

இதற்கு நான் என்ன சொன்னேன் என்பதே சரியாக ஞாபகமில்லை. ‘எப்படியிருந்தாலும் திட்டக்கூடாது’ என்பதுபோல ஏதோ சொல்லியிருப்பேன். அறிவுரைக்கு என்ன, வாயில் இருப்பதுதானே. அவர் கேட்டது பையனுக்கான மருந்தை அல்ல என்பது பேருந்தில் உட்கார்ந்தபிறகுதான் உறைத்தது.

இன்னொன்றும் உண்டு. ‘முறை ஒன்றுதான்’ என்பதில் அளவு அடிபட்டுப்போகிறது. மற்றப் பிள்ளைக்கு ஐந்தாறு தடவையில் ஒட்டிக்கொள்ளும் எழுத்து, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குப் பல மடங்கு கேட்கும். ஒரு வாரம் விட்டால் நழுவவும் செய்யும். தமிழ்போல எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் மொழிகளில் பிழை குறைந்த பிறகும் வேகம் கூடாமல் நிற்பதுதான் அதன் அடையாளம். பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியர் ‘சரியாகிவிட்டான்’ என்று குழுவிலிருந்து அனுப்பிவிடுவார். பையன் பாதிக் கேள்வித்தாளோடு தேர்விலிருந்து எழுந்து வருவான், எழுத்தெல்லாம் தெரிந்தும். அப்போது பெயர்தான் கூடுதல் நேரத்தை வாங்கித் தரும். முறை வாங்கித் தராது. இது தெரிந்தும் அப்படிப் பேசினேனா, பேச்சு வாக்கில் மறந்தேனா?

பத்தாவது வாரம் போனபோது ஆசிரியை நோட்டை நீட்டினார். பிழைகளுக்குச் சிவப்புக் கோடு, வேகத்துக்கு நீலம். சிவப்பு நன்றாக இறங்கியிருந்தது. நீலம் தரையோடு தரையாகக் கிடந்தது. குழுவின் மற்ற இரண்டு பேருக்கும் நீலமும் ஏறியிருந்தது. “இப்பச் சொல்லுங்க சார்” என்றார். முறையான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம், அதுவரை குழுவை நிறுத்த வேண்டாம் என்றேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க முடியாது. அன்றைக்கு அந்தக் கோடுகள் இல்லை. முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய வேறெதுவோ இருந்தது.

அந்தப் பத்து வாரமும் அவனைத் திட்டினாரா என்று அவரிடம் கேட்கவில்லை.