காத்தும் கிளட்ச்சும்: என் ட்ரையல்ஸ் பைக் பத்தி

ட்ரையல்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக முதல்ல சொல்லிடறேன். யார் வேகமா போறாங்கங்கற பேச்சே இதுல கிடையாது. பாறை, ஓடை, வேர் கிடக்கற சேத்து மேடு, இந்த மாதிரி இடத்துல கயிறும் கொடியும் கட்டி ஒரு வழி விட்டிருப்பாங்க, அதுக்கு செக்‌ஷன்னு பேரு, அதுக்குள்ள கால் ஊனாம ஓட்டி வெளிய வரணும். ஒரு தடவை ஊனினா 1 பாயின்ட், ரெண்டு தடவைன்னா 2, அதுக்கு மேல எத்தனை தடவை ஊனினாலும் 3, விழுந்தா 5. கம்மி பாயின்ட் வாங்கினவர்தான் ஜெயிச்சவர். நான் இருக்கற வடக்கு இங்கிலாந்துல நிறைய கிளப்ல நோ-ஸ்டாப் ரூல் வேற, வண்டி நகராம நின்னாலே 5 தான்.

நம்மூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க, புல்லட் வளர்ந்ததே ட்ரையல்ஸ்லதான். பின்னாடி ஸ்விங்ஆர்ம், அதாவது சக்கரத்தோட மேலயும் கீழயும் ஆடற சஸ்பென்ஷன் கை, வச்ச புல்லட்டை ராயல் என்ஃபீல்ட் 1948ல கோல்மோர் கப்ங்கற ட்ரையல்ஸ்லதான் முதல்ல இறக்கினாங்க. அப்போ ட்ரையல்ஸ் வண்டின்னா பின்னாடி சஸ்பென்ஷனே இருக்காது, இருந்தா க்ரிப் போயிடும்னு நிறைய பேர் நம்பிட்டிருந்தாங்க. 1952ல ஜானி பிரிட்டன் 350 புல்லட்ல ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ்ங்கற ஆறு நாள் ட்ரையலை ஜெயிச்சாரு. அதே புல்லட்டை மெட்ராஸ்ல செய்யறதுக்குத்தான் 1955ல என்ஃபீல்ட் இந்தியா கம்பெனியை ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1965ல சாமி மில்லர் புல்டாக்கோங்கற ஸ்பெயின் டூ-ஸ்ட்ரோக்ல அதே ஸ்காட்டிஷை ஜெயிச்சதோட கனமான பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக் காலம் முடிஞ்சு போச்சு.

என்கிட்ட இருக்கறது பீட்டாங்கற இத்தாலி கம்பெனியோட ஈவோ 250, டூ-ஸ்ட்ரோக், செகண்ட் ஹேண்ட். சீட்டே கிடையாது, டேங்க் மூணு லிட்டருக்குள்ள, வெயிட் சுமார் 70 கிலோ. பழைய சேட்டக்குக்கு பங்க்ல 2டி ஆயில் கலந்து அடிப்போமே அதே மாதிரி இதுக்கும் கலந்துதான் ஊத்தணும், ஆனா ஆயில் ரொம்ப கம்மி, லிட்டருக்கு 12-15 மில்லி போதும். ஜாஸ்தி ஊத்தினா புகையும், பிளக் கருத்துப் போகும், மெதுவா போறப்ப எஞ்சின் திக்கும்.

இந்த மெதுவா போறதுலதான் எல்லாமே இருக்கு. ரோட்ல 60ல போறப்ப வண்டில இருக்கற சின்ன குறை எதுவும் தெரியாது, ஆனா ஈரப்பாறை மேல நடக்கற வேகத்துல ஏறும்போது ஒவ்வொண்ணும் பாயின்ட்டா வந்து நிக்கும். அதனால ஷெட்ல உக்காந்து செய்யற வேலையையும் நான் ரைடிங்காத்தான் எடுத்துக்கறேன்.

முதல்ல காத்து. பின் டயருக்கு 4, 5 பவுண்டு, முன்னாடி ஒரு 6, அவ்ளோதான். அடிச்சதும் கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, டயர் உள்ள போகும். பாறை விளிம்புல ஏறும்போது ரப்பர் அப்படியே மடங்கி கல்லைக் கவ்வும், அரை பவுண்டு கூடினாலே அந்தக் கவ்வல் குறையறது தெரியும். சாதாரண கேஜ்ல இவ்ளோ கம்மியா சரியா காட்டாது, 15 பவுண்டு வரைக்கும் மட்டும் காட்டற கேஜ் ஒண்ணு வாங்கிக்கோங்க, விலை அப்படி ஒண்ணும் பெருசில்ல.

அடுத்தது கிளட்ச். ஒத்த விரல் எப்பவும் லீவர் மேலயே இருக்கணும், எஞ்சின் இழுவையை சக்கரத்துக்கு எவ்ளோ விடறோம்ங்கறதை அந்த விரல்தான் முடிவு பண்ணும். ஈவோல வண்டி ஆறிப்போய் நின்னா கிளட்ச் பிளேட்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்படியே ஸ்டார்ட் பண்ணி கியர் போட்டா வண்டி குபீர்னு பாயும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே கியர்ல போட்டு, லீவரைப் புடிச்சுக்கிட்டு முன்னயும் பின்னயும் ஆட்டுங்க, டப்புனு விடும். நிரந்தரமா சரி பண்ணணும்னா கவர் கழட்டி ஒவ்வொரு ஃப்ரிக்‌ஷன் பிளேட்டோட ஓரத்துலயும் பிதுங்கி காஞ்சு கிடக்கற கோந்தை சுரண்டி எடுக்கணும். பொறுமையா ஒரு சாயங்காலம் உக்காந்து செய்யற வேலை, பிளேட்ல கீறல் விழாம பாத்துக்கணும், ஆனா முடிச்சுட்டு லீவரைப் புடிச்சா வேற வண்டி மாதிரி இருக்கும், அந்த சந்தோஷம் இருக்கே!

ஏர் ஃபில்டர் ஃபோம், கழுவி நல்லா காயவச்சு ஃபில்டர் ஆயில் தடவி பிழிஞ்சு மாட்டணும், நான் ரெண்டு ஃபோம் வச்சு மாத்தி மாத்திப் போடறேன். பிரஷர் வாஷரை பேரிங் பக்கம் கொண்டு போகவே போகாதீங்க. செயினுக்கு ஆயில் ஸ்ப்ரே அடிக்கறப்ப பின் டிஸ்க்கை துணி போட்டு மூடிடுங்க, ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் பேட் வீணாயிடும். கையில மாட்டற கில் ஸ்விட்ச் கயிறையும் ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பாருங்க, மேக்னெட் கழண்டதும் எஞ்சின் நிக்கணும், நிக்கலன்னா அன்னிக்கு ஓட்டவே வேணாம்.

பழசு வாங்கப் போறவங்க பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் பாத்து மயங்காதீங்க, பாறைல ஓடின வண்டில கீறல் இருக்கத்தான் செய்யும். வண்டியைத் தூக்கி நிறுத்தி பின் சக்கரத்தை மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, பின் சஸ்பென்ஷனை சக்கரத்தோட சேக்கற லிங்கேஜ்ல டக்குனு ஆட்டம் தெரிஞ்சா பேரிங் மாத்தற காசை கழிச்சு விலை கேளுங்க.