பிலிப்பியின் சிறை வாசலில்

பவுல் அப்போஸ்தலன் கப்பலிலிருந்து இறங்கிய நெயாப்போலி, இன்று கவாலா என்னும் பெயருடைய கிரேக்கத் துறைமுக நகரம். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே சென்றால் பிலிப்பியின் இடிபாடுகள் வருகின்றன. எங்கள் யாத்திரைக் குழுவில் பெரும்பாலோர் ஏதென்ஸையும் கொரிந்துவையும் காணும் ஆவலோடு வந்தவர்கள். நான் இந்த ஓர் ஊருக்காகவே வந்தேன். பக்கவாதத்தால் என் கணவர் படுக்கையில் கிடந்த மூன்று ஆண்டுகளில் பவுல் பிலிப்பிக்கு வந்ததைச் சொல்லும், வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தை நான் வாசித்ததற்குக் கணக்கில்லை. வாசித்தேன் என்பதைவிட, அதனோடு வழக்காடிக்கொண்டிருந்தேன் என்பதே பொருந்தும்.

முதலில் ஆற்றங்கரைக்குச் சென்றோம். ஓய்வுநாளில் ஜெபிக்கக் கூடியிருந்த பெண்களுக்குள் இரத்தாம்பரம் என்னும் ஊதா நிறத் துணி விற்கிற லீதியாளின் இருதயத்தைக் கர்த்தர் திறந்த இடமாக அதைப் போற்றுகிறார்கள். சிற்றோடை அளவுக்கே தண்ணீர் ஓடுகிறது. கையை நனைத்து, ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டுப் புறப்பட்டோம்.

கி.மு. 42இல் நடந்த பெரும்போருக்குப் பின் ஓய்வுபெற்ற ரோமப் போர்வீரர்கள் குடியேற்றப்பட்ட ஊர் பிலிப்பி. அதனால்தான், குறிசொல்லும் பெண்ணை அவளைப் பிடித்திருந்த ஆவியிலிருந்து பவுல் விடுவித்ததும் வருமானத்தை இழந்த அவளுடைய எஜமான்கள், 'ரோமராகிய நமக்குத் தகாத முறைமைகள்' என்று சந்தைவெளியில் முறையிட்டவுடனே கூட்டம் கொதித்தெழுந்தது. இன்று நாம் காணும் மன்றத்தின் கட்டடங்கள் பெரும்பாலும் பவுலின் காலத்துக்குப் பிந்தியவை. ஆயினும் எஞ்சிய தூண்களுக்கு நடுவில் நின்றபோது, பவுலையும் அவருடைய தோழர் சீலாவையும் வஸ்திரங்களைக் கிழித்து, பிரம்புகளால் அடிக்கும் ஓசையைக் கற்பனை செய்வது எனக்குக் கடினமாக இருக்கவில்லை.

எக்னாத்தியா என்னும் பழைய ரோம நெடுஞ்சாலையை ஒட்டிய சரிவில் இருக்கிறது, பவுலும் சீலாவும் அடைக்கப்பட்டதாகப் பாரம்பரியம் சொல்லும் அறை. அறை என்பதுகூட அதிகம். குனிந்து பார்க்க வேண்டிய சிறு கல்மாடம். அது உண்மையில் ரோமர் காலத் தண்ணீர்த் தொட்டி என்றும், பிற்காலக் கிறிஸ்தவர்கள் அதை வழிபாட்டிடமாக மாற்றினார்கள் என்றும் தொல்லியலாளர் கருதுகிறார்கள். வழிகாட்டி தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னார். எனக்கு ஏமாற்றம் ஏற்படவில்லை. தொட்டியோ சிறையோ, ஈரமும் இருளும் குறுகலும் அங்கே இருந்தன. எனக்கு அவை போதும்.

'நடுராத்திரியிலே பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப் பாடினார்கள்' என்னும் வசனத்தோடுதான் என் வழக்கு. அன்றிரவு வந்த பூமியதிர்ச்சியில் கட்டுகள் கழன்றபின் பாடியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர்களோ பூமி அதிர்வதற்கு முன்பே, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருக்கும்போதே பாடுகிறார்கள். பல மாதங்கள் கழித்து இன்னொன்றையும் கவனித்தேன். சிறைச்சாலைக்காரன் அவர்களுடைய காயங்களைக் கழுவுவது 33ஆம் வசனத்தில்தான் வருகிறது. பாட்டோ 25ஆம் வசனத்திலேயே எழும்பிவிடுகிறது. அப்படியானால் இரத்தம் உறைந்த முதுகோடுதான் அவர்கள் பாடியிருக்கிறார்கள்.

காயம் கழுவுவது என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தும் என் கணவரின் இடுப்பில் படுக்கைப்புண் வந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு உப்புக் கரைசலால் அதைத் துடைக்கும்போது, பெரும்பாலும் கோபத்தோடுதான் துடைப்பேன்: ஆண்டவர்மேல் கோபம், உறங்கும் உலகத்தின்மேல் கோபம். ஓர் இரவு, என்னையும் அறியாமல் ஆலயத்தில் பாடும் பழைய கீர்த்தனை ஒன்றை முனகியிருக்கிறேன். ஒரு சொல்லும் பேச முடியாதிருந்த அவர், இரண்டாம் அடியில் என்னோடு சேர்ந்து ராகத்தை முனகினார். கையில் ஈரப் பஞ்சோடு அப்படியே நின்றுவிட்டேன். புண் ஆறிவிடவில்லை, அவரும் எழுந்து நடக்கவில்லை. ஆனால் அன்று அந்த அறையில் இருந்ததற்குச் சந்தோஷம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. அதன்பின் ஒவ்வோர் இரவும் பாடினேன். சில இரவுகளில் மனமில்லாமலேயே பாடினேன்.

பிற்காலத்தில் பவுல் மறுபடியும் விலங்கிடப்பட்டிருந்தபோது இந்த ஊராருக்கு எழுதிய நிருபம் நான்கே அதிகாரங்கள்தான். ஆனாலும் கிரேக்க மூலத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் அதில் 16 முறை வருகின்றன. அதில் என்னைத் தாங்கிய சொல் வேறொன்று: மனரம்மியமாயிருக்க, அதாவது எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் 'கற்றுக்கொண்டேன்' என்கிறார். பிறவிக் குணம் என்றோ, ஒரே நாளில் பெற்ற வரம் என்றோ அவர் சொல்லவில்லை. நானும் மெதுவாகக் கற்கிறவள்தான். கணவர் மறைந்தபின் ஓராண்டுக் காலம் ஆலயத்தில் வாய் திறந்து பாட முடியாமல் நின்றிருக்கிறேன்.

கல்மாடத்தின் முன் எங்கள் போதகர் அந்த அதிகாரத்தை வாசித்தார். பின்பு எல்லாரும் பாடினார்கள். என் குரல் முதல் அடியில் வரவில்லை, பல்லவி திரும்பியபோது வந்தது.

பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்த பெண் நெடுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அக்கா, எங்க அம்மா ஆறு மாசமா படுக்கையில இருக்காங்க. அந்தப் புண்ணை நீங்க எப்படித் துடைச்சீங்க?" என்று கேட்டார். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும் என்பதில் தொடங்கி, கவாலா வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.