இரண்டரை மதிப்பெண் தின்ற சொல்

மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள். சரியாகப் போட்டால் 2 மதிப்பெண், தப்பாகப் போட்டால் அரை மதிப்பெண் கழியும். நான் காவேரிப்பட்டணம் பக்கம் தமிழ்வழியில் படித்தவள். கணக்கு எப்படியோ வந்துவிடும், இங்கிலீஷ்தான் காலை வாரும். கிருஷ்ணகிரியில் நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்தார்கள். அதில் 'குறை' என்று தலைப்புப் போட்டு ஃப்ளா, டிஃபெக்ட், ப்ளெமிஷ், வைஸ், ஃபாய்பிள் என்று ஐந்தையும் ஒரே வரியில் அடுக்கியிருந்தார்கள். நானும் அப்படியே நெட்டுருப் போட்டேன்.

ஒரு மாதிரித் தேர்வில் கோடிட்ட இடம் வந்தது. தாத்தாவிடம் உள்ள இன்னதையெல்லாம் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள் என்பது வாக்கியம். கீழே இருந்த நான்குமே எனக்குக் 'குறை'தான். டிஃபெக்ட் போட்டேன். விடை ஃபாய்பிள். வர வேண்டிய இரண்டும் போய், கூடவே அரையும் போயிற்று.

அன்று ராத்திரி யோசித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. மோட்டார் பழுது என்போம், மாங்காய் சொத்தை என்போம், நிலவில் களங்கம் என்போம். தாத்தா பழுதாகிவிட்டார் என்று யாராவது சொல்வார்களா? தமிழில் காது தானாகப் பிரித்துவிடுகிறது. இங்கிலீஷில் அந்தக் காது இல்லாததால் ஒவ்வொரு சொல்லிடமும் 'நீ யாருடைய குறை?' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். டிஃபெக்ட் பெரும்பாலும் பொருளுக்கும் உடலுக்கும் வரும். ப்ளெமிஷ் மேல்தோலில் தெரிகிற மறு. வைஸ் ஒழுக்கக்கேடு, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஃபாய்பிள் ஒரு மனிதரின் சின்ன பலவீனம். கடலை மிட்டாயைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பது, சொன்ன கதையையே திரும்பச் சொல்வது, இந்த மாதிரி.

ஃபாய்பிள் எங்கிருந்து வந்தது என்று அகராதியில் தேடியபோதுதான் அது மனதில் உட்கார்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வாள்சண்டைச் சொல் அது. வாளின் நடுவிலிருந்து நுனி வரை உள்ள பாதி ஃபாய்பிள், பிடியிலிருந்து நடு வரை உள்ள பாதி ஃபோர்ட்டே. கைக்குப் பக்கத்தில் இருப்பதால் பிடிப்பக்கம் தாங்கும், நுனிப்பக்கத்தை எதிராளி சுலபமாகத் தள்ளிவிடலாம். பிறகு அந்த நூற்றாண்டிலேயே வாளை விட்டு மனிதனின் குணத்துக்கு வந்துவிட்டது. ஃபோர்ட்டேவும் அதே வழியில் போய், ஒருவருக்குக் கைவந்த கலை என்று பொருள் கொண்டது. இப்படி ஒரே வாளில் இரண்டு சொல், அதுவும் எதிர்ச்சொல்லோடு! பலவீனத்தைக் குறிக்கும் ஃபீபிளும் இதன் உடன்பிறப்புதான், பிரெஞ்சிலிருந்து சில நூற்றாண்டு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

எனக்கு இது மறக்காமல் போனதற்கு ஔவையார்தான் காரணம். நம் தகடூர் அதியமானுக்காகத் தூது போனவர், தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளவென்று இருப்பதைப் பார்த்து, எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாரே, புறநானூறு 95இல். அது வேல், இது வாள், அதனால் என்ன? ஒடிவது நுனிதான்.

ஒரு எச்சரிக்கை. சொல்லின் வேரை அர்த்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபாய்பிளை இன்னும் தோண்டினால் லத்தீனில் 'அழத்தக்க' என்ற பொருளுள்ள ஃப்ளெபிலிஸ் வரும். அதை நம்பிப் பதில் போட்டால் திரும்ப இரண்டரை போய்விடும், ஏனென்றால் இன்றைய ஃபாய்பிளுக்கு யாரும் அழுவதில்லை. அப்புறம், எல்லாச் சொல்லுக்கும் வேர் தேடிக்கொண்டிருந்தால் கணக்குக்கு நேரம் இருக்காது. மாதிரித் தேர்வில் இரண்டு முறை தப்பிய சொல்லுக்கு மட்டும் நோட்டில் அரைப் பக்கம் ஒதுக்கினேன். சொல், அது யாருக்கு வரும், எனக்குத் தெரிந்த ஒரு ஆளையோ பொருளையோ வைத்து ஒரு வாக்கியம், அவ்வளவுதான். மூன்றாவது முயற்சியில் முதல்நிலை தாண்டினேன். இதனால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், கணக்கும் கைகொடுத்தது.

ஃப்ளாவுக்கு மட்டும் நோட்டு தேவைப்படவில்லை. அப்பா கிரானைட் பட்டறையில் வேலை பார்க்கிறார். கல் வந்ததும் சுத்தியால் தட்டிப் பார்ப்பார். நல்ல கல் கணீரென்று பேசும், உள்ளே விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும். சந்தேகம் என்றால் தண்ணீர் ஊற்றுவார். கல் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் ஈரக்கோடாக நிற்கும். ஃப்ளாவின் வேர், வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ஃப்ளாகா என்பதாக இருக்கும் என்கின்றன அகராதிகள். அதற்குக் கல் பாளம் என்று பொருள். இங்கிலீஷில் முதலில் பனிச்சில்லு, தீப்பொறி என்றிருந்து, பிறகு உடைந்த சில்லு, கடைசியில் குறை என்று வந்து நின்றது.

இதை அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப அந்த ஊர்க்காரனும் கல்லுதான் தட்டியிருக்கான்மா" என்றார்.