இவருக்குப் பதில் இவர்

தமிழ்த் தொடர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த அறிவிப்பு தெரிந்திருக்கும். நேற்றுவரை ஒருவர் நின்ற இடத்தில் இன்று வேறொருவர் நிற்பார். காட்சி ஒரு நொடி உறையும். ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற எழுத்து திரையின் அடியில் வரும். அடுத்த வசனத்திலேயே வீட்டிலுள்ள அத்தனை பேரும் அந்தப் புதியவரை அண்ணன் என்றும் மாமா என்றும் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். நடிகருக்குத் திருமணமாகியிருக்கலாம், வேறு வாய்ப்புக் கிடைத்திருக்கலாம், சம்பளத்தில் இணக்கம் ஏற்படாமல் போயிருக்கலாம். அந்த மாற்றங்களை நான் ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. நடிகர் இறந்துபோனாலும் அதே மூன்று சொற்களின் வழியில் கதையை நடத்திச் சென்றுவிடலாம் என்ற முடிவைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8ஆம் நாள், அதே தொடருக்காகச் சென்னையில் குரல் பதிவு செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு இறந்தார். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ ஆகிய படங்களை இயக்கியவர் அவர். ஆனால், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அவருடைய சொந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. காலைச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் செய்தி வந்து சேர்ந்தபோது, “குணசேகரன் தவறிட்டாராம்” என்றுதான் வந்தது. வீட்டுப் பெண்களை ‘ஏய், இந்தாம்மா’ என்று அதட்டியே அடக்கி வைத்த ஒரு மனிதனுக்காக, அந்த அதட்டலை அப்பாவிடமும் கணவனிடமும் கேட்டே வயதான பெண்கள் கண்கலங்கி நின்றார்கள். மாரிமுத்து அந்தப் பாத்திரத்தைக் கொம்பு முளைத்த அரக்கனாக ஆக்கவில்லை. சாப்பிட உட்காரும் விதத்திலும், பேச்சின் நடுவே பெண்களின் முகத்தைப் பாராமல் அப்பால் பார்க்கும் விதத்திலும் எங்கள் தோட்டத்துப் பெரியப்பாமார்களில் ஒருவராகவே அவர் இருந்தார். அதனால்தான் அந்தத் தொடரில் குணசேகரனின் மனைவி ஈஸ்வரியும், தம்பிகளின் மனைவிகளான ரேணுகாவும் நந்தினியும் ஜனனியும் அவரை எதிர்த்துப் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உயிர் இருந்தது.

பிறகு அந்தப் பாத்திரத்தில் வேல ராமமூர்த்தி வந்தார். ‘குற்றப் பரம்பரை’யை எழுதிய எழுத்தாளர் என்ற வகையில் அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு, நடிகராகவும் அவர் சோடை போனவர் அல்லர். அம்மா இரண்டு வாரம் பொறுமையாகப் பார்த்தார். மூன்றாவது வாரம், “இவரும் நல்லாத்தான் செய்றாரு. ஆனா இவரு குணசேகரன் இல்ல, குணசேகரன் வீட்டுக்கு வந்த யாரோ பெரிய மனுசன்” என்று சொல்லிவிட்டு, துணி மடிக்கத் தொடங்கினார். அந்தத் தொடரைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் அவ்வளவு துல்லியமாக இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதைச் சொல்ல வேண்டுமானால், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் பழைய லயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராதிகாவின் ‘சித்தி’ (1999) எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த காலத்தில், ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து குளித்துச் சமைத்து முடிக்கும் பெண்களுக்கு அந்த அரைமணி நேரம் கோயில் பூசைக்கு அடுத்தபடியானது. அப்படியிருந்தும், எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அன்றிலிருந்து கருமக்கிரியை முடியும் பதினாறாம் நாள்வரை அந்த வரிசையில் எவரும் தொலைக்காட்சி போடமாட்டார்கள். எவரும் வந்து தடுத்ததில்லை. பிள்ளைகளாகிய நாங்களும் கேட்கமாட்டோம். பதினேழாம் நாள், மேல் லயத்து அத்தை ஒருவர் கிணற்றடியில் உட்கார்ந்து, விட்டுப்போன கதை அத்தனையையும் குரல் மாற்றி மாற்றிச் சொல்வார். ஒரு சாவுக்கு முன்னால் கதை நின்றாக வேண்டும், நின்ற பிறகுதான் தொடரவேண்டும் என்ற உணர்வு எனக்குள் அங்கேதான் ஊன்றியது. தொடர்களை ஆனாலும் சூப்பர்ஹீரோ படங்களை ஆனாலும் இன்றும் நான் அந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன். நகரத்தை எத்தனை அடுக்கு நெருப்பில் எரிக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. ஒருவர் இறந்தால் அந்தக் கதை எத்தனை நாள் வாய்மூடி இருக்கிறது என்பதைத்தான் கவனிக்கிறேன்.

அந்த அளவுகோலுக்கு முழுமையாக ஈடுகொடுத்த சூப்பர்ஹீரோ படம் என்று நான் ‘பிளாக் பாந்தர்: வகாண்டா ஃபாரெவர்’ (2022) படத்தைச் சொல்வேன். முதல் படத்தில் வகாண்டா நாட்டு அரசன் டிச்சாலாவாக நடித்த சாட்விக் போஸ்மன், 2020 ஆகஸ்டில் பெருங்குடல் புற்றுநோயால் தம் 43ஆம் வயதில் காலமானார். வேறொரு நடிகரை அந்த உடைக்குள் நிறுத்தியிருந்தால் வணிகரீதியாக ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. முகமூடி அணிந்த வீரன்தானே என்று எளிதாகச் சமாதானம் சொல்லியிருக்கலாம். இயக்குநர் ரையான் கூக்ளர் அப்படிச் செய்யவில்லை. படம் தொடங்கும்போதே, அண்ணனைக் காப்பாற்ற மருந்து தேடிப் பதறும் தங்கை ஷுரி தோற்றுப்போகிறாள். அடுத்த காட்சியில் நாடே வெள்ளை உடுத்தி இறுதி ஊர்வலத்தில் ஆடிப் பாடிச் செல்கிறது. நிறுவனத்தின் பெயர் தோன்றும் வழக்கமான ஆரவார இசைகூட இல்லாமல், போஸ்மனின் உருவங்கள் மட்டும் மௌனமாக வந்து மறைகின்றன. ஈப்போவில் நான் அந்தப் படம் பார்த்த அரங்கில் சோளப்பொரி மெல்லும் சத்தம்கூட அந்த நேரத்தில் நின்றுபோனது. துக்கத்துக்கு வெள்ளை உடுத்துவது நமக்கும் உரியதாகையால், எனக்கு அது ஆப்பிரிக்கக் கற்பனை நாட்டின் சடங்காகவே தெரியவில்லை. நடுப்பகுதியில் படம் பறக்கும் இயந்திரங்களிலும் புதிய பாத்திரங்களின் அறிமுகத்திலும் நேரத்தை வீணாக்குகிறது என்பது உண்மைதான். ஆனாலும், தன் துக்க உடையை எரிக்க முடியாமல் படம் முழுவதும் தள்ளிப்போட்ட ஷுரி, கடைசியில் கடற்கரையில் தனியாக அமர்ந்து அதை நெருப்பிலிட்டு, அண்ணனை நினைத்து அழுகிற இடத்துக்காக நான் அத்தனையையும் மன்னிப்பேன். பதினாறாம் நாள் வரும்வரை அழாதிருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியில் இறந்த பிறகு, கிறிஸ்டோபர் நோலன் எடுத்த அடுத்த பேட்மேன் படத்தில் ஜோக்கரைப் பற்றி ஒரு சொல்கூட வராது. அதுவும் ஒரு மரியாதைதான். சொல்லாமல் விடுவதன் மரியாதை.

இனி எனக்குக் கோபமூட்டியவற்றுக்கு வருகிறேன். ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ (2018) படத்தில் வில்லன் தானோஸ் ஒரே சொடக்கில் பாதி உயிர்களை அழித்தபோது, திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தேயிருந்தது. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டு வந்த ‘எண்ட்கேம்’ படத்தை நான் ஏற்றுக்கொண்டேன். காரணம், அது ஐந்து ஆண்டுகளை உண்மையாகவே கழியவிட்டது. ஆன்ட்-மேனாகிய ஸ்காட் லாங் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது, குழந்தையாக விட்டுச்சென்ற மகள் வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள். அந்த ஆண்டுகளை எவராலும் மீட்டுத்தர முடியவில்லை. முடிவில் அயர்ன் மேனாகிய டோனி ஸ்டார்க் தன் உயிரைக் கொடுத்து எல்லாரையும் காப்பாற்றுகிறான். ஏரிக்கரையில் அவனுக்கு வழியனுப்பு நடக்கிறது. பதினோரு ஆண்டுகளாக ராபர்ட் டவுனி ஜூனியரின் முகத்தோடு வாழ்ந்த நாங்களும் அந்தக் கரையில் நின்றோம். பிறகு 2024 ஜூலையில், அதே டவுனி ஜூனியர் டாக்டர் டூம் என்ற வில்லனாகத் திரும்ப வருகிறார் என்று மேடையில் முகமூடியைக் கழற்றி அறிவித்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. என்னால் முடியவில்லை. நம் தொடர்கள் பாத்திரத்தை வைத்துக்கொண்டு முகத்தை மாற்றுகின்றன. இவர்கள் முகத்தை வைத்துக்கொண்டு பாத்திரத்தை மாற்றுகிறார்கள். இரண்டிலும் அடியிலிருக்கும் எண்ணம் ஒன்றே: பார்ப்பவருக்கு ஒரு நாற்காலி காலியாக இருப்பதைக் காணும் மனவலிமை இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள்.

அதைவிடவும் என்னைப் புண்படுத்தியது ‘டெட்பூல் & வுல்வரின்’. ஹியூ ஜாக்மன் 2000 முதல் பதினேழு ஆண்டுகள் நடித்த வுல்வரின் பாத்திரத்தை ‘லோகன்’ (2017) படத்தில் ஜேம்ஸ் மேன்கோல்ட் முடித்துவைத்த விதம், சூப்பர்ஹீரோ படங்களில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த முடிவு. கிழவனாகி, நடை தளர்ந்து, தானே பராமரித்த பெரியவரைப் புதைத்து, மகளைக் காப்பாற்றிவிட்டு அவன் சாகிறான். அவன் குழிமேல் நட்ட குச்சிச் சிலுவையை அந்தச் சிறுமி பிடுங்கிச் சாய்த்து, பெருக்கல் குறியாக நட்டு வைக்கிறாள். 2024இல் வந்த படத்தின் தொடக்கக் காட்சியில் அதே குழியைத் தோண்டி, எலும்புகளை எடுத்து, ஆட்டத்தோடும் பாட்டோடும் அவற்றை ஆயுதங்களாக்கிச் சண்டையிடுகிறான் டெட்பூல். அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. என் அருகில் இருந்த அக்காள் மகனும் சிரித்தான். பதினான்கு வயதுப் பிள்ளை, அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் தாத்தாவைப் புதைத்த இடம் பழைய தோட்டத்தில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே இருக்கிறது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயம் போய், மக்கள் பட்டணத்துக்கு வந்த பிறகும், ஆண்டுக்கொருமுறை நானும் மாமாவும் பராங்கத்தியோடு போய், புதரை வெட்டி, குழி எது என்று தேடிக் கண்டுபிடித்து, சூடம் ஏற்றிவிட்டு வருகிறோம். இந்த ஊரைச் சுற்றிலும் அப்படித் தேடும் குடும்பங்கள் உண்டு. அப்படித் தேடிப் பழகிய கண்ணுக்கு, ஒரு குழியைத் தோண்டுவது வேடிக்கைக் காட்சியாகத் தெரிவதில்லை. அந்தப் படத்தில் பிற்பாடு ஜாக்மன் நன்றாகவே நடித்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், முதல் பத்து நிமிடத்திலேயே என் மனம் அந்த அரங்கைவிட்டு வெளியேறிவிட்டது.

இறந்தவர் திரும்பி வரவே கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. 2021இல் ஒன்பது பகுதிகளாக வந்த ‘வாண்டாவிஷன்’ தொடரில், இறந்த காதலன் விஷனை வாண்டா தன் மந்திர சக்தியால் கணவனாகத் திரும்ப உண்டாக்கி, பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பத் தொடர்களைப்போல ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறாள். அந்த இன்பத்துக்கு விலை கொடுப்பவர்கள் வெஸ்ட்வியூ என்ற சிற்றூரின் மக்கள். அவளுடைய துக்கம் அவர்களின் உறக்கத்துக்குள் கனவாகப் புகுந்து வதைக்கிறது. போனவரைத் திரும்ப அழைத்தால் அந்தக் கணக்கை வேறு யாராவது கட்டவேண்டியிருக்கும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன கதை அந்த வகையில் இன்னொன்று இல்லை. முடிவில் அவள் பிள்ளைகளைப் படுக்கவைத்து, விளக்கை அணைத்து, கணவனோடு நின்று, வீடு கரைவதற்காகக் காத்திருக்கிறாள். ‘லோகி’ தொடரும் அப்படியே: ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் செத்தவனுக்கு மாற்றாக வரும் அந்த இன்னொரு லோகி, முதல் பகுதியிலேயே தன் தாயின் சாவையும் தன் சாவையும் திரையில் உட்கார்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது. அந்த ஒரு காட்சியால் அவன் திரும்பி வந்ததற்கு உரிமை பெற்றுவிடுகிறான்.

மறுபடியும் குணசேகரனிடம் வருகிறேன். தினசரித் தொடர் ஒன்றை நிறுத்திவைக்க முடியாது என்பதும், ஒளி பிடிப்பவரிலிருந்து தேநீர் கொடுப்பவர்வரை அதை நம்பிப் பிழைப்பவர்கள் பலர் என்பதும் எனக்குத் தெரியும். நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆதி குணசேகரனைக் கதைக்குள்ளேயே இறக்கவிட்டிருக்கலாம் என்றுதான் கேட்கிறேன். இயக்குநர் திருச்செல்வம் ‘கோலங்கள்’ எடுத்தவர். அதன் நாயகி அபியின் மௌனத்தை அத்தனை ஆண்டுகள் எங்களைக் கேட்கவைத்தவர். அவர் கையில் அந்தச் சாவு கிடைத்திருந்தால், தன் வாழ்வையே நசுக்கிய மனிதனின் தலைமாட்டில் ஈஸ்வரி எப்படி உட்கார்ந்திருப்பாள் என்பதை ஒரு வாரம் முழுக்கக் காட்டியிருப்பார். நான்கு பெண்களும் அந்தக் கூடத்தில் முதல்முறையாக அதட்டல் இல்லாத ஒரு காலையில் எழுந்து, அந்த அமைதியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருப்பார்கள். 2024இல் தொடர் முடிந்து, அதே ஆண்டின் இறுதியில் இரண்டாம் பாகம் தொடங்கிய பிறகும் நான் அந்த எடுக்கப்படாத வாரத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பசியாறிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஈஸ்வரி அழமாட்டாள், அப்படி ஒரு மனிதனுக்காக எதற்கு அழ வேண்டும் என்று நான் வாதாடினேன். அம்மா தோசையைப் புரட்டிப் போட்டுவிட்டு, சுவரில் சந்தன மாலையோடு இருந்த அப்பாவின் படத்தைப் பார்க்காமலேயே பதில் சொன்னார்.

“மொத நாள் அழமாட்டா. எட்டாம் நாளு அந்தாளு சட்டையெல்லாம் எடுத்து மடிச்சு வைப்பா பாரு, அப்ப அழுவா.”